இடி இடிச்சுச்சா, மாப்பிள்ளை?

என் மாமியார் எனக்குப் போன் செய்வது வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவைதான். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. மற்றதெல்லாம் புரட்டாசி பிறந்து கார்த்திகை முடிவதற்குள், விடியற்காலை நாலரை மணிக்கு. பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

“மாப்பிள்ளை, ராத்திரி அங்க இடி இடிச்சுச்சா?”

மதுரையில் இடித்ததா இல்லையா என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. நத்தம் பக்கத்தில் அவருடைய ஊரில் இடித்திருக்கிறது, உழவு மழை பெய்திருக்கிறது, நான் எழுந்து வண்டியை எடுக்க வேண்டும். மருமகனைப் பார்த்து ‘கிளம்பி வாங்க’ என்று மாமியார் சொல்வது முறையில்லை என்று நினைக்கிற தலைமுறை. அதனால் இடியைப் பற்றி விசாரிப்பார். நானும் படுக்கையில் இருந்தபடியே “ஆமா அத்தை, நல்ல இடி” என்பேன். ஜன்னலுக்கு வெளியே தெரு காய்ந்து கிடக்கும்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி. அடுத்தவர் பார்வையை அளப்பதுதான் பிழைப்பு. “கீழ் வரியைப் படிங்க, இப்போ தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா” என்று ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது கேட்பேன். என் கண்ணில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை, ஆறுக்கு ஆறு. அந்தத் தெம்போடுதான் 2011 ஐப்பசியில் முதல்முறையாக அத்தையோடு காளான் பறிக்கப் போனேன். ஒரு மாந்தோப்பில் விட்டு, “பாருங்க” என்றார். பத்து நிமிஷம் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, “இங்கே ஒண்ணும் இல்லை அத்தை” என்றேன்.

“காலை எடுங்க மாப்பிள்ளை.”

என் செருப்புக்கு அடியில் இரண்டு மொட்டு நசுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி, நான் நடந்து வந்த தடம் நெடுக, இன்னும் பதினேழு இருந்தன. அத்தை ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டக் காட்டத்தான் என் கண்ணுக்கு வந்தன. காட்டியதை விட்டு அடுத்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் முதலில் பார்த்தது மறுபடி காணாமல் போயிருந்தது. மொட்டு நிலையில் புத்துக்காளான் வெள்ளைவெளேர் என்று இருக்காது. மண்ணைத் துளைத்துக்கொண்டு வருவதால் தலையில் செம்மண் அப்பியிருக்கும். ஒரு கூழாங்கல், பாதி மக்கிய மாவிலை, ஆட்டுப் புழுக்கை, இவற்றோடு அதுவும் ஒன்று.

அத்தைக்கு அப்போதே வலது கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. என் கடைக்கு வந்து சார்ட்டைப் படித்தபோது நாலாவது வரியைத் தாண்டவில்லை. ஆபரேஷன் 2018-ல்தான் நடந்தது. நடுவில் ஏழு வருஷம் அந்தக் கண்ணோடு, நான் மிதித்துவிட்டுப் போகும் காளான்களை என் பின்னால் வந்து பறித்துக்கொண்டிருந்தார்.

இது எப்படி முடிகிறது என்று புரிய எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. நான் காளானைத் தேடினேன். அத்தை காளானைத் தேடுவதே இல்லை. அவருக்கு இடங்கள் இருக்கின்றன. கல்லுக்காலுக்குத் தெற்கே நாலு எட்டு. இடி விழுந்த பனைக்கும் வரப்புக்கும் நடுவே. மூத்தவர் பம்புசெட்டுக்குப் பின்னால், வாய்க்கால் திரும்பும் மூலை. இப்படி முப்பது, முப்பத்தைந்து இடம் அவர் தலைக்குள் இருக்கிறது. எது முதல் மழைக்கு வரும், எது தீபாவளி கழித்து வரும், எது ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வரும் என்பது உட்பட. சும்மா நடந்து போகிறவரைப் போலப் போவார். இடம் வந்ததும் நிற்பார். நின்ற பிறகுதான் பார்வை தரைக்குப் போகும். பாதி இடங்களில் புற்று என்று மேலே ஒன்றுமே தெரியாது. சமதரைதான், கறையான் குடித்தனமெல்லாம் மண்ணுக்கு அடியில்.

அந்த இடங்களை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அவர் பெற்ற மகளுக்கே தெரியாது. என் மனைவி சின்ன வயதில் பின்னால் போக அடம் பிடித்தால், “பாம்பு இருக்கும்” என்று விட்டுவிட்டுப் போவாராம். ஊரில் காளான் பறிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. காலையில் எதிரெதிரே வந்தால் பெட்டியை முந்தானையால் மூடிக்கொள்வார்கள். “எங்க போய்ட்டு வர்றீக?” “சுள்ளி பொறுக்க.” இரண்டு பேருக்கும் தெரியும், மழையில் நனைந்த சுள்ளியை யார் பொறுக்குவார்கள் என்று. அப்படிப்பட்டவர் என்னைக் கூட்டிப்போனதற்குக் காரணம் பாசமெல்லாம் இல்லை. மாமா இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. இருட்டில் டார்ச் பிடிக்க ஆள் வேண்டும், வெளியூர்க்காரனாகவும் இருக்க வேண்டும். ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம். நத்தம் பக்கம். அவ்வளவு போதும்.

எட்டு மணிக்கு முன்னால் வேலை முடிந்துவிட வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக மண்ணைக் கீறி வரும் மொட்டு விடியும்போது விரல் உயரம் நிற்கும், வெயில் ஏறினால் குடை விரியும், சாயங்காலத்துக்குள் வண்டும் புழுவும் குடியேறிவிடும். மொட்டுக்குத்தான் ருசி. பறிப்பதற்கு ஒரு கை வேண்டும். தண்டை அடியில் பிடித்து, பால் பல்லை ஆட்டுவது மாதிரி மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டி எடுக்க வேண்டும். தண்டு தரையோடு முடியாது. கீழே வேர் மாதிரி மெலிந்து மெலிந்து ஒரு முழம் வரைகூடப் போகும். ஆசைப்பட்டு மண்வெட்டி போட்டால் அடியில் இருக்கும் கூடு சிதைந்துவிடும், அடுத்த வருஷம் அந்த இடத்தில் வருமா என்பது சந்தேகம். வருகிற அளவு வந்தால் போதும், மீதி மண்ணிலேயே இருக்கட்டும் என்பார் அத்தை. எடுத்த குழியைக் குதிகாலால் ஒரு அழுத்து அழுத்தி மூடிவிட்டுத்தான் நகர்வார். மண்ணுக்கு நல்லது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தடயம் தெரியக் கூடாது என்பதற்காகத்தானாம்.

நார்ப்பெட்டி, அடியில் பூவரச இலை. நான் முதல் வருஷம் பாலிதீன் பை கொண்டுபோனேன். மதுரை வந்து திறந்தபோது வியர்த்துக் கொழகொழவென்று ஆகியிருந்தது.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போவதெல்லாம் பட்டா நிலம், தோப்பு, வரப்பு. மேற்கே மலையடிவாரத்தில் காப்புக்காடு இருக்கிறது. அங்கே அனுமதி இல்லாமல் நுழைவதும் பொருள் எடுப்பதும் குற்றம். காளானும் வனப்பொருள்தான்.

அத்தைக்குக் காளானில் மூன்றே வகை. குடை பெரிதாக விரிவது புத்துக்காளான். கைப்பிடிச் சோற்றைத் தரையில் சிந்தியது போலக் கூட்டம் கூட்டமாக, சுண்டுவிரல் நகம் அளவில் வருவது அரிசிக்காளான். மற்றதெல்லாம் நாய்க்குடை. வைக்கோல் போரில் வருவதும் நல்ல காளான்தான், சாப்பிடலாம் என்று படித்துவிட்டு வந்து சொன்னேன். “நீங்க சாப்பிடுங்க” என்றார்.

நான் படிப்பவன். அது என் வியாதி. முதல் வருஷமே இரண்டு மூன்று புத்தகம் வாங்கிவிட்டேன். புத்துக்காளானுக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர். அந்தப் பேரினத்துக்கு 1942-ல் பெயர் வைத்தவர் ரோஜே ஹெய்ம் என்ற பிரெஞ்சுக்காரர். நம் பக்கத்து இனம் ஒன்றை 1979-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் விவரித்து, அந்த ஹெய்ம் பெயரையே அதற்கு வைத்தார். இதையெல்லாம் வரப்பில் நடந்துகொண்டே அத்தைக்குச் சொல்லியிருக்கிறேன். ஜாம்பியாவில் இதே குடும்பத்துக் காளான் ஒன்று ஒரு மீட்டர் அகலத்துக்குக் குடை விரிக்கும் என்று சொன்னபோதுதான் நின்று கேட்டார். “அதைப் பறிப்பாகளா, வெட்டுவாகளா?”

ஆனால் கறையான் கதை அவருக்கும் பிடித்திருந்தது. கறையான் மரத்தைத் தின்கிறது என்று சொல்கிறோம். இந்த வகைக் கறையானுக்கு மரத்தை முழுதாகச் செரிக்கும் சக்தி இல்லை. சருகையும் மரத்துகளையும் மென்று விழுங்கிக்கொண்டு போய், புற்றுக்குள் கழிவாக வைத்து அடுக்குகிறது. வால்நட் பருப்பைப் போல மடிப்பு மடிப்பாக, தொட்டால் உதிரும் ஒரு கூடு. அதில் பூசணம் படர்ந்து மரத்தின் கடினமான சத்தையெல்லாம் உடைக்கிறது. கசகசா அளவில் வெள்ளை முடிச்சுகள் விடுகிறது. கறையான் அந்த முடிச்சைத் தின்கிறது, பக்குவப்பட்ட பழைய கூட்டையும் தின்கிறது. அதாவது வெள்ளாமை. எரு போடுகிறது, காற்றோட்டம் பார்க்கிறது, வேறு பூசணம் வந்தால் அப்புறப்படுத்துகிறது. ஆப்பிரிக்காவில் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தக் கூட்டு தொடங்கியது என்கிறார்கள். மனுசன் பயிர் செய்யத் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டாயிரம் வருஷம்தான் ஆகிறது. நாம் பறிப்பது அந்தப் பூசணம் மண்ணுக்கு மேலே அனுப்பும் குடையை. அதன் உச்சியில் ஆணி முனை மாதிரி ஒரு கூர் இருக்கும், கெட்டித்த மண்ணைத் துளைப்பதற்காக. அரிசிக்காளான் கதை வேறு. பழைய கூட்டுத் துகளைக் கறையானே வெளியே கொண்டுவந்து கொட்டும், அதில் முளைப்பது அது. அதனால்தான் அதற்கு நீள வேர் இல்லை.

“அப்போ நம்ம எடுக்கிறது அதுக வெள்ளாமையை” என்றார் அத்தை. கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

படித்ததில் ஒன்றை அத்தை ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தார். ஈசல் பறந்த உடனே ஊரில் சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அத்தை கிளம்ப மாட்டார். “ஈசலைப் பிடிச்சு வறுத்துத் தின்னுட்டு இருங்க, காளானுக்கு இன்னும் நாள் கிடக்கு” என்பார். ஈசல் என்பது றெக்கை முளைத்த கறையான். பறந்து, றெக்கையை உதிர்த்து, ஜோடியாக மண்ணுக்குள் போய்ப் புதுக் குடித்தனம் தொடங்கும். முட்டையிட்டு, முதல் தலைமுறை வேலைக்காரக் கறையான்கள் வளர்ந்து வெளியே இரை தேட வருவதற்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும். அந்தப் புதுக் குடித்தனத்துக்கு வெள்ளாமை செய்ய விதை வேண்டும் அல்லவா? சரியாக அந்தச் சமயத்தில்தான் பழைய புற்றுகள் காளானை மேலே அனுப்பி, அதன் தூளைக் காற்றில் பரப்புகின்றன. பெரும்பாலான இனங்களில் இதுதான் வழி. அத்தைக்குக் காரணம் தெரியாது, கணக்கு தெரியும்.

இடி விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பு வரவில்லை. இடி இடித்தால்தான் காளான் வரும் என்பது அவர் கட்சி. ஐப்பசியில் பகல் முழுக்கப் புழுங்கி ராத்திரி கொட்டும் மழை இடியோடுதான் வரும், மண் நன்றாக ஊறுவதுதான் காரணம் என்பது என் கட்சி. அப்புறம் ஒரு நாள், ஜப்பானில் இவாட்டே பல்கலைக்கழகத்தில் ஷிட்டாக்கே காளான் வளர்க்கும் கட்டைகளில் மின்னலைப் போல உயர் அழுத்த மின்சாரத்தை நொடிப்பொழுது பாய்ச்சிப் பார்த்ததில் விளைச்சல் கூடியது என்று படித்தேன். அத்தையிடம் இதை இதுவரை சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

சரி, 2016-க்கு வருகிறேன். அத்தைக்கு இந்தக் கதை முழுதாகத் தெரியாது.

அந்த வருஷம் ஐந்து ஐப்பசி முடித்த கர்வத்தில் இருந்தேன். மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் புல்தரை ஒன்று உண்டு. மழைக்கு மறுநாள் காலை நடக்கப் போனபோது அங்கே வட்டம் போட்டது மாதிரி பதினைந்து குடைக்காளான் நின்றன. என்ன அழகு! சாப்பாட்டுத் தட்டில் பாதி அகலத்துக்கு வெள்ளைக் குடை, நடுவில் பழுப்புச் செதில், தண்டில் வளையம். குடையைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் விசிறி மடிப்பு மாதிரி இருக்கும் செவுள் பால் வெள்ளை. ஐரோப்பியப் புத்தகம் ஒன்றில் இதே போல ஒரு படம் போட்டு, மிகச் சுவையானது என்று எழுதியிருந்தது. கூர் இல்லை, வேர் இல்லை, புற்று இல்லை. ஆனாலும் எனக்குத்தான் படம் இருக்கிறதே.

மனைவி தொடவில்லை. “எங்கம்மா பறிச்சதா இருந்தா குடு.” நான் மட்டும் வெங்காயம் போட்டு வதக்கி, முட்டை உடைத்து ஊற்றிச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. விஷக்காளான் கசக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு மணி நேரம். கடையில் ஒரு அம்மாவுக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துப் பலகை முதலில் எனக்கு ஆடியது. அதன் பிறகு நடந்ததை விவரமாக எழுத வேண்டியதில்லை. வாயும் வயிறும் ஒரே நேரத்தில் போட்டி போட்டன. பக்கத்து ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இளம் டாக்டர் ஒருவர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு முதல் வாந்தி? அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கல்லீரலைக் கொல்லும் அமானிட்டா வகைக் காளான்கள் உடனே ஒன்றும் செய்யாது. ஆறு மணி நேரத்துக்கு மேல், சில சமயம் முழுப் பகல் கழித்துத்தான் வயிறு கலங்கத் தொடங்கும். அப்புறம் ஒரு நாள் தேறியது போல இருக்கும், வீட்டுக்கு வந்துவிடுவார்கள். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டே இருக்கும். சீக்கிரம் வாந்தி வந்தது என் அதிர்ஷ்டம். ஆனால் இரண்டு வகை கலந்து சாப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கும் உதவாது. அதனால் மிச்சக் காளான் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் வழி.

நான் சாப்பிட்டது குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ். சூடான நாடுகளில் புல்தரை இருக்கும் இடமெல்லாம் வரும். இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளை, முற்றினால்தான் சாம்பல் பச்சை. அதன் தூள் பச்சை நிறம். நான் பார்த்த ஐரோப்பியப் படத்துக் காளானின் தூள் வெள்ளை. அந்த ஒன்றைப் பார்த்திருந்தால் போதும்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். கடைக்கு வரும் லென்ஸ், பிரேமுக்குத் தக்கபடி வெட்டுவதற்கு முன்னால் வட்டமாக, 70 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். பவர் மாறி வந்தது, கீறல் விழுந்தது என்று ஒரு டப்பா நிறையச் சேர்ந்து கிடக்கும். எந்தக் காளானாக இருந்தாலும் ஒரு குடையை மட்டும் தண்டை நறுக்கிவிட்டு, செவுள் கீழே பார்க்க லென்ஸின் மேல் வைத்து, ஒரு டம்ளரால் மூடிவிடுவேன். ராத்திரி முழுக்கத் தூள் உதிரும். காலையில் குடையை எடுத்தால் செவுளின் கோடுகள் அத்தனையும் அச்சாக லென்ஸில் விழுந்திருக்கும். காகிதத்தைவிட லென்ஸ் நல்லது. கறுப்பு அட்டைமேல் ஒருமுறை, வெள்ளை அட்டைமேல் ஒருமுறை வைத்துப் பார்க்கலாம், நிறம் ஏமாற்றாது. புத்துக்காளானுக்கு லேசான ரோஜா நிறம் கலந்த வெளுப்பு. புல்தரைக்காரனுக்குப் பாசிப் பச்சை. என் மேசை இழுப்பறையில் நாற்பது லென்ஸுக்கு மேல் இருக்கிறது, தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். கடைப் பையன் ஒருநாள் அழுக்கு என்று நினைத்து நாலைந்தைத் துடைத்து வைத்துவிட்டான்.

ரோஜா நிறத் தூள் விட்டால் உடனே சாப்பிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரோஜா நிறத் தூளில் விஷக்காளானும் உண்டு. வளையம் இருந்தால் விஷம் என்பதும் சரியில்லை. நடராஜன் விவரித்த அந்த நல்ல காளானுக்கே தடித்த வளையம் உண்டு. வெள்ளிக்காசு கறுக்கும், பூண்டு நீலமாகும், மஞ்சள் சிவக்கும், பூச்சி அரித்தால் நல்லது, ஆடு தின்றால் நல்லது, இந்த வைத்தியமெல்லாம் சுத்தப் பொய். நத்தைகள் அமானிட்டாவை ஆனந்தமாகத் தின்னும். கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. அத்தை இந்தச் சோதனை எதையும் செய்வதில்லை. கூர் இருக்கிறதா, வேர் போகிறதா, தான் அறிந்த இடமா. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பெட்டிக்குள் வராது. புற்றின் மேலேயே முளைத்திருந்தாலும் வேர் இல்லாமல் கையோடு வந்தால் தூக்கி எறிந்துவிடுவார்.

சமையலில் நான் தலையிடுவதில்லை. மண்ணைக் கத்தியால் சுரண்டி, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் இரண்டு முறை அலசி, கையால் நீளவாக்கில் கிழித்துப் போடுவார்கள். கத்தியால் நறுக்கினால் ருசி போய்விடுமாம். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், தேங்காய், குழம்பு கெட்டியாக ஒரு கை ஊறவைத்த அரிசி, எல்லாம் அம்மியில். நல்லெண்ணெய் தாராளம். நாட்டுக்கோழிக் குழம்பு தோற்றுப்போகும். புரட்டாசி சனிக்கிழமையில் இந்தக் குழம்பு சைவமா அசைவமா என்று எங்கள் வீட்டில் வருஷா வருஷம் வழக்கு நடக்கும். என் அம்மா வீட்டில் காளானே சேர்க்க மாட்டார்கள். அத்தை வீட்டில் அதுதான் விரத நாளின் ஆறுதல்.

அவருக்கு அது வெறும் ருசியும் இல்லை. சின்ன வயதில் ஐப்பசி என்றால் போன விளைச்சல் தீர்ந்து, புது நெல் வராத மாதம். அரிசிக்காளானை வெறும் உப்புப் போட்டு வேகவைத்து, அதையே சோறாகத் தின்ற நாட்களைச் சொல்லியிருக்கிறார். சங்கப் பாட்டில் காளானுக்கு ஆம்பி என்று பெயர். வறுமைப்பட்ட புலவன் வீட்டில் சமைக்காத அடுப்பில் அது பூத்துக் கிடக்கும். அத்தையிடம் சொன்னபோது, “அடுப்புல பூத்தா பறிச்சு அதே அடுப்புல போட வேண்டியதுதானே” என்றார். இப்போது அதையே சாலையோரத்தில் கிலோ அறுநூறு ரூபாய்க்கு விற்கிறார்கள்.

2022-ல் அந்த மாந்தோப்பு கைமாறியது. நான் முதல்முதலில் மொட்டை மிதித்த அதே தோப்பு. மரத்தை எடுத்தார்கள், ஜேசிபி விட்டு மட்டம் பண்ணினார்கள், கல் நட்டார்கள். அத்தையின் இடங்களில் பதினொன்று அதோடு போனது. பக்கத்துத் தோப்புக்காரர் மரத்தில் கறையான் ஏறுகிறது என்று தூரில் மருந்து ஊற்றினார், அங்கே நாலு. கல் நட்ட மனையில் வடகிழக்கு மூலையை மட்டும் விட்டிருந்தார்கள். ஒரு வேப்பமரம், அதன் அடியில் ஆள் உயரப் புற்று, மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் அப்பி, முன்னால் உடைந்த முட்டை ஓடுகள். அம்மன் புத்து. ஜேசிபி ஓட்டியவர் தொட மாட்டேன் என்றுவிட்டாராம்.

அந்தப் புற்றில் யாரும் காளான் பறித்ததில்லை. அத்தையின் மாமியார் காலத்துக் கட்டுப்பாடு.

2024 ஐப்பசியில் போன் வந்தது. போனேன். அத்தைக்கு முட்டி வலி. வரப்பில் ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டார், அதுவே பதிமூன்று வருஷத்தில் முதல்முறை. கல்லுக்கால் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பனை இருந்த இடத்தில் பனையும் இல்லை. பம்புசெட்டு மூலையில் இரண்டே இரண்டு, அதுவும் விரிந்து முற்றியவை. திரும்பும்போது மனை வழியாகக் குறுக்கே வந்தோம். இந்த முறை எனக்குத்தான் முதலில் தெரிந்தது. புற்றைச் சுற்றித் தெற்குப் பக்கமாக நாற்பதுக்குக் குறையாது, எல்லாம் மொட்டு. சொல்லவா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அத்தையும் நின்றுவிட்டார்.

வேப்பமரத்து வேரில் உட்கார்ந்தார். சுருக்குப்பையைத் திறந்து வெற்றிலையை விலக்கி ஒரு கட்டிக் கற்பூரம் எடுத்தார். தீப்பெட்டி நான் வாட்ச்மேனிடம் வாங்கி வந்தேன்.

“கேட்டுப் பாப்போம். பல்லி சொல்லுச்சுன்னா எடுப்போம்.”

கற்பூரம் எரிந்து முடிந்தது. உட்கார்ந்திருந்தோம். ஆறே முக்கால் ஆனது. ஏழு ஆனது. வெயில் கல்லுக்கல்லாகத் தாண்டி வந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் இருந்த மொட்டு ஒன்று என் கண்ணெதிரே விளிம்பு பிரிந்தது. அந்த மரத்தில் பல்லி இல்லாமல் இருக்காது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தால் அச்சு அசல் பல்லிச் சத்தம் வரும், சின்ன வயதில் அதில் நான் கெட்டிக்காரன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அத்தைக்குக் கண்ணில்தான் ஆபரேஷன், காதில் இல்லை.

ஏழேகாலுக்கு என் தோளைப் பிடித்து எழுந்தார். “போவோம் மாப்பிள்ளை. கடை திறக்கணும்ல உங்களுக்கு.”

நத்தம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பால் காளான் பொட்டலம் தொங்கியது. வெறும் பெட்டியோடு வீட்டுக்குப் போக எனக்கு மனசில்லை, ஒன்று வாங்கினேன். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் 1998-ல் ஏபிகே 2 என்று ஒரு ரகம் வெளியிட்ட பிறகு பால் காளான் நம் பக்கம் பரவலாகிவிட்டது. அறிவியல் வகைப்பாட்டின்படி அதுவும் புத்துக்காளானும் ஒரே குடும்பம். வண்டியில் வரும்போது அத்தையிடம் சொன்னேன். “இதுவும் நம்ம காளானுக்குச் சொந்தம்தான் அத்தை.”

பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தார். “சொந்தம்னு சொல்லிக்கிட்டு வர்றவுக எல்லாம் சொந்தமாயிருவாகளா?” என்றார். பிறகு யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்குக் குழம்பில் மிளகு தூக்கலாக இருந்தது.